அந்தத் தீவுக்கு வராத விமானங்கள்

போன மாதம் சங்கீதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற விமான நிறுவனத்தில், புதிதாக வேலைக்குச் சேரும் விமானப் பணிப்பெண்களுக்கு இப்போது அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள்.

"மேடம், இந்த பேட்ச்ல ஒரு பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. நம்ம கம்பெனி ப்ளேன் எல்லாத்துக்கும் ஒரே பெயிண்ட், ஒரே பேரு. வால் பக்கத்துல எழுதியிருக்கிற எழுத்து மட்டும் ஏன் ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு நாட்டோடதா இருக்குன்னு. புத்தகத்துல இருக்கற பதிலைச் சொன்னேன். அவ மூஞ்சியப் பார்த்தா திருப்தியான மாதிரி தெரியல. நீங்க எழுதிக் குடுங்களேன்."

அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய அதிருப்தி எனக்கு நன்றாகத் தெரியும். அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு நானும் வெகுகாலம் அலைந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

விமானத்தில் ஏறும்போது பெரும்பாலோர் படிக்கட்டைப் பார்ப்பார்கள், அல்லது ஜன்னல் சீட்டை நினைப்பார்கள். விமானத்து உடம்பின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று முன்னால், சில எழுத்துகள் இருக்கும். முதல் ஒன்றிரண்டு எழுத்துகள் அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்லும். நம் நாட்டுக்கு வி.டி. நம் ஊர் வண்டிகளுக்கு டி.என். இருக்கிறதல்லவா, அதுபோல. வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் வரை நானும் அதைக் கவனித்தவள் இல்லை. விமானம் என்றால் எனக்குக் கதவுகள், அவசர வழிகள், சாப்பாட்டு வண்டி, அழுகிற குழந்தைகள். அவ்வளவுதான்.

நான் பிறந்தது இராஜபாளையத்தில். அப்பா சத்திரப்பட்டியில் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடத்தில் மேற்பார்வையாளர். கல்லூரி முடித்ததும் செய்தித்தாள் விளம்பரத்தைப் பார்த்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டேன். நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் தடுமாறியது. நீச்சல் தேர்வில் மட்டும் எல்லாப் பெண்களையும் முந்தினேன். சுந்தரபாண்டியத்தில் மாமா தோட்டத்துக் கிணற்றில் பழகிய நீச்சல் அது. முதலில் உள்நாட்டு நிறுவனம் ஒன்று. பிறகு தென்கிழக்காசியாவில் தலைமையகம் வைத்து, நான்கு நாடுகளில் நான்கு சகோதர நிறுவனங்களை நடத்திவந்த பெரிய குழுமம் ஒன்றில் இடம் கிடைத்தது. ஓய்வு வரை அங்கேதான்.

அங்கே எனக்கு வாய்த்த மேலதிகாரி கமலினி மேடம். சென்னைக்காரர். விமானத்துக்குள் எங்கள் குழுவின் தலைவி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கோபமாக இருக்கும் பயணியின் எதிரே அவர் நேருக்கு நேர் நிற்கவே மாட்டார். பக்கவாட்டில், தோளைக் காட்டி நிற்பார். பயணி உட்கார்ந்திருந்தால் இவர் குந்தி உட்காருவார், தன் கண் அவர் கண்ணைவிடத் தாழ்வாக இருக்கும்படி. பயணியின் குரல் உயர உயர இவர் குரல் இறங்கும். கடைசியில், இவர் சொல்வதைக் கேட்பதற்காகவே அந்த மனிதர் தன் சத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார். நேரம் பார்ப்பது பயணிக்குத் தெரிந்தால், "இவளுக்கு என்னிடம் பேசப் பொறுமை இல்லை" என்று நினைத்துவிடுவார்களாம். பறப்பதற்கு முன் நடக்கும் குழுக் கூட்டத்தில் எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். தெரியாது என்றால் திட்ட மாட்டார். தெரிந்துகொண்டு வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு திட்டைவிட மோசம்.

ஒருநாள் அவர் தலைமையில் ஒரு பகல்நேரப் பயணம், கடலுக்கு மேலே ஆறு மணி நேரத்துக்கும் மேல். பாதி தூரம் போயிருப்போம். பின்பக்கக் கழிவறையிலிருந்து சிகரெட் வாடை. நான் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. முறைப்படி இரண்டாவது தடவை தட்டி, யாரென்று சொல்லி, வெளியிலிருந்து தாழை நீக்கினேன். உள்ளே நின்றவர் நடுத்தர வயதுக்காரர். நல்ல உடை, நல்ல போதை.

"சார், சிகரெட்டைத் தண்ணியில போட்டுட்டு வெளிய வாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் இடது கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கதவை இழுத்து என் கைமேல் சாத்தினார். நான் கத்தியதும் கதவு திறந்தது. மறுபடியும் சாத்தினார்.

அந்த இரண்டாவது தடவையைத்தான் என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. முதல் தடவையைக் குடியின் மேல் போடலாம்.

கமலினி மேடம் முன்பக்கத்திலிருந்து வந்தார். ஓடவில்லை. ஓடினால் பயணிகள் பயப்படுவார்கள். அந்த மனிதரின் பெயரைக் கேட்டார். எச்சரித்தார். விமானியிடம் தகவல் சொல்லி, அவருடைய எழுத்துப்பூர்வ எச்சரிக்கையை வாங்கிக் கையில் கொடுத்தார். அதை அந்தப் பயணி கிழித்துப் போட்டுவிட்டு இன்னொரு பணிப்பெண்ணைத் தள்ளினார். அதற்குப் பிறகுதான், விமானியின் அனுமதியோடு, இரண்டு பயணிகளின் உதவியோடு, பிளாஸ்டிக் பட்டையால் அவர் கைகளைக் கட்டிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தோம். உட்கார வைத்தார்கள் என்று சொல்ல வேண்டும். நான் இரண்டு விரல்கள் ஒடிந்து தரையில் சாய்ந்திருந்தேன்.

மேடம் என்னிடம் ஆறுதலாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஐஸ் வைத்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து, காப்பி கலக்கும் மரக்குச்சிகளை விரல்களுக்கு அணையாக வைத்து, கட்டுத்துணியால் சுற்றினார். வலியோடு வலியாக நான் அந்தத் துணியின் நெசவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் மகள் வேறென்ன செய்வாள்? சுற்றி முடித்ததும் மேடம் சொன்னார்: "எறங்கினதும் போலீஸ் வரும். நீ நடந்ததை மட்டும் சொல்லு. மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க."

இறங்கினோம். நாட்டின் பெயர் வேண்டாம். முறையெல்லாம் ஒழுங்காக நடந்தது. பயணிகள் உட்கார்ந்திருக்க, போலீஸ்காரர்கள் முதலில் ஏறினார்கள். விமானி கையெழுத்துப் போட்டு அந்த மனிதரை ஒப்படைத்தார். விமான நிலையத்துக்குள்ளேயே காவல் அறை. இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். என் கையைப் பார்த்துவிட்டு மருத்துவரை வரவழைத்தார், தேநீர் கொடுத்தார். முழு வாக்குமூலத்தையும் அவரே தட்டச்சு செய்தார். கடைசியில் விமானியிடம், "விமானத்தின் பதிவு எழுத்துகள்?" என்று கேட்டார்.

விமானி சொன்னார். இன்ஸ்பெக்டரின் விரல்கள் நின்றன. யாருக்கோ தொலைபேசி செய்தார். செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"சம்பவம் நடந்தது கடலுக்கு மேல். எங்கள் எல்லைக்குள் இல்லை. விமானம் எங்கள் நாட்டில் பதிவானது இல்லை. அவரும் எங்கள் நாட்டவர் இல்லை, நீங்களும் இல்லை. அவரை வைத்திருக்க எங்கள் சட்டத்தில் எனக்கு இடமில்லை."

"பிறகு யார் சட்டத்தில்?" என்று விமானி கேட்டார்.

இன்ஸ்பெக்டர் ஒரு தீவின் பெயரைச் சொன்னார். அட்லாண்டிக் கடலில் இருப்பது. நான் அதுவரை அந்தப் பெயரை ஒன்றிரண்டு தடவைதான் கேள்விப்பட்டிருப்பேன். நாங்கள் பறந்த கடலே வேறு. அந்தத் தீவுக்கும் எங்களுக்கும் நடுவே பாதி உலகம்.

கமலினி மேடம் எழுந்தார். அவர் குரல் அன்று இறங்கவில்லை, ஏறவும் இல்லை.

"அந்த ஆள் இந்த ரூமுக்குள்ள வச்சு இந்தப் பொண்ணோட கைய ஒடிச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அந்த நிமிஷமே கைது செய்வேன்."

"எங்க விமானத்தோட கதவு இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "தூரம் இல்லை மேடம் பிரச்சினை. எனக்கும் இது பிடிக்கவில்லை." அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கண்ணாடிக்கு வெளியே அந்த மனிதர் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். திறந்திருந்த கதவருகே என்னைப் பார்த்து நின்றார். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். போய்விட்டார்.

மாவுக்கட்டோடு இராஜபாளையம் வந்தேன். அம்மா கட்டைப் பார்த்து அழுது முடித்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, அம்புட்டுப் பேரு இருந்தீகளே, அவன ஒரு கேள்வி கேக்க நாதியில்லையா?"

நாதி எங்கேயோ ஒரு தீவில் இருக்கிறது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

என் தம்பி ஞானராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் வண்டிப் பதிவு, உரிமம், பெயர் மாற்றம் எல்லாம் எழுதிக் கொடுக்கும் ஏஜெண்டு. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அக்கா கை ஒடிந்த வருத்தம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே தொழில் ஆர்வம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஏக்கா, இது எங்க லைனுல்லா! நம்ம ஊரு வழியாப் போற ஆம்னி பஸ்ஸப் பாத்திருக்கியா? நாகாலாந்து நம்பரு போட்டிருப்பான். அந்த வண்டி நாகாலாந்தக் கனவுலகூடக் கண்டிருக்காது. எல்லாம் வரி. அங்க கம்மி, இங்க ஜாஸ்தி. ஒங்க ஏரோப்பிளானும் அம்புட்டுத்தான்."

எனக்கு அது ஓரளவு சரியாகப் பட்டது. ஆனால் ஏதோ இடித்தது.

"சரிலே. அந்த நாகாலாந்து பஸ்சு நம்ம தென்காசி ரோட்டுல ஒரு ஆள இடிச்சுட்டா, கேசு எங்க போடுவாங்க?"

"இங்கதான். ராஜபாளையம் ஸ்டேசன்ல."

"நாகாலாந்துக்குப் போயி எழுதிக் குடுன்னு சொல்ல மாட்டானா?"

"அதெப்படிக்கா சொல்லுவான்? இடிச்ச எடம் இங்கல்லா இருக்கு."

"எனக்கு இடிச்ச எடம் எங்கலே இருக்கு?"

ஞானராஜ், "கடலு…" என்றான். "கடலு யாருது?" என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா, "அவ கேக்கது நாயந்தானே, சொல்லு" என்றார்.

அன்று அந்த இரண்டு அறை வீட்டில் வைத்துத்தான் எனக்கு முதல் வெளிச்சம் கிடைத்தது. பஸ் எந்த ஊரில் பதிவானாலும் ரோடு ஒரு ஊருக்குச் சொந்தம். நடுக்கடலுக்கு மேலே இருக்கும் ஆகாயம் யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதாவது ஒரு சட்டம் வேண்டும். ஆகவே உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டு, வாலில் எழுதிய நாட்டின் சட்டமே உள்ளே செல்லுபடியாகும் என்று வைத்துக்கொண்டார்கள். பஸ்சுக்கு அந்த எழுத்து வெறும் அடையாளம். விமானத்துக்கு அதுதான் ஊர்.

அப்படியானால் யாரும் போகாத ஒரு தீவை எங்கள் விமானத்தின் ஊராக யார் தேர்ந்தெடுத்தார்கள், ஏன்?

கட்டுப் பிரித்த பிறகு தலைமையகத்துக்கு வாக்குமூலம் கொடுக்கப் போனேன். சட்டப் பிரிவில் வோங் என்றொரு அதிகாரி. மெலிந்த மனிதர், பேசும்போது எப்போதும் ஜன்னலைப் பார்ப்பார். என் கேள்வியைக் கேட்டதும் என்னையும் ஜன்னலுக்கு அழைத்தார். கீழே எங்கள் விமானங்கள் வரிசையாக நின்றன. ஒரே நிறம், ஒரே சின்னம்.

"வெளியே இருந்து பார்த்தால் ஒரு கம்பெனி. அந்த முதல் விமானத்தின் எழுத்தைப் பாருங்கள். இந்த நாட்டுடையது. அதற்கு அடுத்தது பக்கத்து நாட்டுடையது. ஏன்? எந்த அரசாங்கமும் தன் ஆகாயத்தில் தொழில் செய்யும் உரிமையைத் தன் மக்கள் கையில் இருக்கும் கம்பெனிக்குத்தான் கொடுக்கும். அதனால் நாட்டுக்கு ஒரு கம்பெனி தொடங்குகிறோம். ஒவ்வோர் அரசாங்கமும் விமானம் தன் பதிவில் இருப்பதையே விரும்புகிறது, தன் ஆட்களே சோதிக்க வேண்டும் என்கிறது. மெக்கானிக்கின் உரிமம்கூட அந்தப் பதிவைப் பொறுத்ததுதான். எழுத்தை மாற்றினால், நேற்று வரை அதே விமானத்தைப் பழுதுபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இன்று போட முடியாது. புது உரிமம் வாங்க வேண்டும்."

"அந்தக் கடைசி விமானம்?"

அதன் வாலில் அந்தத் தீவின் எழுத்துகள் இருந்தன.

"அது எங்களுடையதே இல்லை" என்றார் வோங். "வாடகை. சொந்தக்காரர் வேறு கண்டத்தில் இருக்கிறார். நீங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் எதைப் பற்றிக் கவலைப்படுவீர்கள்?"

"குடியிருக்கிறவர் காலி பண்ணுவாரா என்று."

"அதேதான். நாளைக்கு நாங்கள் நொடித்துப்போனால், எங்கள் நாட்டு நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக நிற்க அவருக்கு விருப்பம் இல்லை. அந்தத் தீவில் சட்டம் தெளிவு, பதிவை நீக்கி விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் வேகம். விமானம் சகோதர நிறுவனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் ஒவ்வொரு தடவையும் எழுத்தை அழித்து எழுத வேண்டாம். வரியும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்."

தம்பி சொன்னது முழுப் பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"இத்தனை யோசித்தவர்கள், உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு எந்தப் போலீஸ் என்று யோசித்தார்களா?"

வோங் ஜன்னலிலிருந்து பார்வையை எடுத்தார். "நான் இருந்த எந்தக் கூட்டத்திலும் அந்தக் கேள்வி வரவில்லை" என்றார்.

அந்தத் தீவின் போலீசுக்கு நானே தொலைபேசி செய்தேன். விடுமுறையில் இராஜபாளையத்தில் இருந்தபோது, ஒரு சாயங்காலம், ஞானராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அங்கே அப்போது காலை. ஒரு சார்ஜெண்ட் எடுத்தார். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த விமானம் இப்போது எங்கள் தீவில் நிற்கிறதா?"

"இல்லை சார்."

"எப்போது கடைசியாக வந்தது?"

"வந்ததே இல்லை. இனியும் வராது."

அவர் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "மன்னிக்க வேண்டும். உங்கள் கை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். எந்தப் போலீஸ் நிலையத்திலும் என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. புகாரை வரிக்கு வரி எழுதிக்கொண்டார். அரசு வழக்கறிஞரிடம் கொடுப்பதாகச் சொன்னார், கொடுக்கவும் செய்தார். சில வாரங்கள் கழித்து, நான் மறுபடி ஊருக்கு வந்திருந்தபோது, அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"எங்கள் சட்டப்படி இது குற்றம்தான், மேடம். வழக்கு எங்களுடையது. ஆனால் ஆள் எங்களிடம் இல்லை. இரண்டு விரல்களுக்காக வேறொரு நாட்டிடம் ஒருவரைக் கேட்டு வாங்கிக் கொண்டுவர இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இதைக் கடிதத்தில் அனுப்பினால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று நானே சொல்கிறேன்."

நான் நன்றி சொன்னேன். இறங்கிய நாட்டில் ஆள் இருந்தார், வழக்கு இல்லை. தீவில் வழக்கு இருக்கிறது, ஆள் இல்லை. ஞானராஜ் என் முகத்தைப் பார்த்து, "பொறவு?" என்றான். "பொறவு ஒண்ணுமில்ல" என்றேன். அந்த மனிதர் இனி எங்கள் விமானங்களில் ஏறக் கூடாது என்று நிறுவனம் தடை போட்டது. அத்துடன் முடிந்தது. நான் அழவில்லை. எனக்கு ஆத்திரத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. இவ்வளவு நல்ல மனிதர்களாகச் சேர்ந்து ஒரு தவறை எப்படி இவ்வளவு ஒழுங்காகச் செய்ய முடிகிறது?

கமலினி மேடம் தன் வழியில் பதில் செய்தார். குழுக் கூட்டங்களில் அவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று அதன்பின் நிரந்தரமானது: "இன்னிக்கு நம்ம விமானம் எந்த நாட்டுப் பதிவு? எறங்கற எடத்துல போலீஸ் என்ன பண்ண முடியும்?" முதலில் விமானிகள் முகம் சுளித்தார்கள். பெண்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். மேடம் காத்திருந்தார். ஒருநாள், ஒரு தொல்லைக்காரப் பயணியைத் திரும்பப் போய்ப் புறப்பட்ட ஊரிலேயே இறக்குவதா, போகிற ஊரில் இறக்குவதா என்று யோசித்த விமானி ஒருவர் எங்களிடமே அந்தக் கேள்வியைக் கேட்டார். பதிவான நாடே போகிற நாடாக இருந்தது. அங்கே இறக்கினோம், வழக்கு செல்லுபடியானது. அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. வோங்கும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வாக்குமூலங்களை விமான நிறுவனங்கள் கூடுகிற கூட்டங்களுக்கெல்லாம் கொண்டுபோனார். எங்களைப் போன்ற கதைகள் மற்ற நிறுவனங்களிலும் குவிந்து கிடந்தன என்று பிறகுதான் தெரிந்தது.

மேடம் ஓய்வு பெற்று, நானே குழுத் தலைவியாகி, சில வருஷங்கள் கழிந்தன. சங்கீதா அப்போது புதுப் பெண். விமானம் குலுங்கிக்கொண்டிருந்தபோது, இடுப்புப் பட்டையைப் போடச் சொன்னதற்காக ஒரு பயணி அவளைக் கன்னத்தில் அறைந்தார். நான் போய்ப் பக்கவாட்டில் நின்றேன். குரலை இறக்கினேன். எல்லாம் முறைப்படி செய்தேன். ஆனால் அன்று காலை நானே கூட்டத்தில் கேட்டிருந்தேன்: பதிவு, அதே தீவு.

"எறங்கினதும் போலீஸ் பார்த்துப்பாங்களா மேடம்?" என்று சங்கீதா கேட்டாள். கமலினி மேடம் அன்று எனக்குச் சொன்ன அதே வாக்கியத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான் கூடவே இருப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

இறங்கிய ஊரில் காவல் அதிகாரி ஓர் இளம்பெண். நான் வழக்கறிஞரைப் போலத் தயாராக இருந்தேன். வாக்குமூலம் எழுதி முடித்ததும், அவர் கேட்பதற்கு முன்னால் நானே தொடங்கினேன். "விமானத்தின் பதிவு எழுத்துகள்…"

"அது முக்கியமில்லை மேடம்" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

"முக்கியமில்லையா?"

"பழைய ஒப்பந்தத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எங்கள் நாடும் ஏற்றுக்கொண்டுவிட்டது. விமானம் எங்கே பதிவானதாக இருந்தாலும், ஆள் உள்ளே இருக்கும்போது எங்கள் மண்ணில் இறங்கினால் வழக்கை நாங்களே எடுக்கலாம். இவர் உள்ளே இருந்தார். விமானம் இறங்கியது. போதும்."

நான் அவரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் சொன்னார். சங்கீதாவை அறைந்தவரைக் கண்ணாடிக்கு வெளியே பெட்டியோடு நான் பார்க்கவில்லை. நீதிமன்றத்தில் பார்த்தேன். அபராதமும் சில நாள் சிறையும். சங்கீதா சாட்சி சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. எல்லா நாடுகளும் அந்தத் திருத்தத்தை இன்னும் ஏற்கவில்லை. ஆகவே கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்தாதே என்று அவளிடம் சொல்லித்தான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு நிறுவனம் எனக்கும் கூட வருகிற ஒருவருக்கும் சலுகைப் பயணச்சீட்டு தந்தது. எங்கே போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஞானராஜைக் கூட்டிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போனேன். அங்கே போய்ச் சேரவே வேறொரு நாட்டு விசா வேண்டியிருந்தது. அவன் சென்னைக்கும் வில்லிபுத்தூருக்கும் அலைந்து கறுத்துப்போனான்.

இராஜபாளையத்தைவிட ஜனம் குறைந்த ஊர் அது. வெள்ளைக் கூரை வீடுகள், இளஞ்சிவப்பு மணல். ஒரு வீட்டுக்கு ஒரு கார்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம். "ஒரு வீட்டுக்கு ஒரு காரு, ஊருக்கு எத்தன நூறு ஏரோப்பிளானு!" என்று ஞானராஜ் தெருவிலேயே நின்று சிரித்தான்.

விமானப் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அமைதியான ஓர் அலுவலகம். வரவேற்பில் இருந்த அம்மாள், "விமானம் பதிவு செய்ய வந்தீர்களா?" என்று உண்மையாகவே கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஓர் அதிகாரியை அழைத்தார். அவர் எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினார். ஞானராஜுக்கு ஒரே கேள்விதான்.

"வண்டிய இன்ஸ்பெக்சனுக்கு இங்கதான் கொண்டாரணுமான்னு கேளுக்கா."

கேட்டேன். "இல்லையில்லை. விமானம் எந்த நாட்டில் நிற்கிறதோ அங்கே எங்கள் ஆய்வாளர்கள் போவார்கள்" என்றார் அதிகாரி.

நான் மொழிபெயர்த்ததும் ஞானராஜ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "ஆபீசரு வண்டியத் தேடிப் போறாரா! ஏக்கா, இத நம்ம ஆபீசுல போயிச் சொன்னா என்னயக் கீழ்ப்பாக்கத்துல சேத்துருவாங்க."

அதிகாரி என்ன என்று கேட்டார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும்போது விமான நிலையத்துக்கு ஒரு டாக்சி. ஓட்டுநர் வயதானவர், பேச்சுப் பிரியர். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. என்னைக் கண்ணாடியில் பார்த்து, "எங்கள் தீவுக்கு இதுதான் முதல் தடவையா?" என்று கேட்டார்.

ஆம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த எழுத்துகள் போட்ட விமானங்களில் நான் கடல் தாண்டிய மணி நேரங்களை நினைத்தேன். அதில் எத்தனை பேருக்குச் சாப்பாடு கொடுத்தேன், எத்தனை குழந்தைகளைத் தூக்கி வைத்திருந்தேன், எத்தனை பேரைக் கெஞ்சி உட்கார வைத்தேன்.

"இல்லை" என்றேன். "இங்கே நிறைய வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்."

"அப்படியா! எந்தப் பக்கம்?"

நான் ஜன்னல் வழியே மேலே கையைக் காட்டினேன். அவர் குனிந்து வானத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, நல்ல நீலம். "மலைமேல் இருக்கிற ஹோட்டலா?" என்று கேட்டார்.

ஞானராஜ் எனக்காகத் தலையாட்டினான்.